மனநலச் செயலியும் அதைப் பாதியில் விட்டவரும்

மனம் சோர்ந்த ஒருவர், தம் துயரத்தை வீட்டாரிடம் சொல்லவும் மாட்டாமல், வைத்தியரிடம் போகவும் கூசி, எல்லோரும் உறங்கிய பிறகு கைப்பேசியில் ஒரு மனநலச் செயலியை இறக்கிக்கொண்டு, அது கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் உண்மையாகவே பதில் தந்து, இரண்டு நாள் அது சொன்னபடி மூச்சுப் பயிற்சியும் செய்துவிட்டு, மூன்றாம் நாளிலிருந்து அதைத் திறவாமலே விட்டுவிடுகிறார் என்றால், அவருக்கு நேர்ந்தது என்ன என்பதை யார் அறிவார்? மனம் தேறிவிட்டதா? சலிப்புத் தட்டிவிட்டதா? அல்லது, எழுந்து முகம் கழுவவும் சக்தியற்றவராய்ப் படுத்துவிட்டாரா? மனித வாழ்வில் இம்மூன்றும் ஒன்றுக்கொன்று எவ்வளவோ தூரமான ஸ்திதிகள். ஆனால் செயலியின் ஏட்டில் மூன்றுக்கும் ஒரே குறிப்புத்தான்: திறக்கவில்லை.

இப்படி விலகுகிறவர்கள் சிறு தொகையினர் அல்லர். 2019-ம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, மக்கள் பரவலாகப் பயன்படுத்தும் 93 மனநலச் செயலிகளை எடுத்துக்கொண்டு கணக்கிட்டபோது, பதினைந்தாம் நாளில் செயலியைத் திறந்தவர்கள் நூற்றுக்கு 3.9 பேர் என்றும், முப்பதாம் நாளில் அது 3.3 ஆகக் குறைந்தது என்றும் இடைநிலை அளவாகக் கண்டது. எஞ்சிய தொண்ணூற்றாறு பேரைப் பற்றி நாம் என்ன நினைப்பது? அவர்களைப் புரிந்துகொள்ளவே இயந்திரக் கற்றல் என்னும் புதிய கணித வித்தை இப்போது துணைக்கு அழைக்கப்படுகிறது. அந்த வித்தையின் உண்மையான பிரயோஜனம் நோயாளியோடு பேசுவதில் இல்லை, மௌனமாகிவிட்ட நோயாளியை அடையாளம் கண்டு ஒரு மனிதரிடம் சொல்லுவதில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

ஒன்பது கேள்விகள்

மனத்தின் பாரத்தை எப்படி அளப்பது என்பது பழைய கேள்வி. ரத்தத்தில் சர்க்கரையை அளப்பதுபோல அதை அளக்கும் கருவி இன்னும் பிறக்கவில்லை; ஆகவே வைத்தியர்கள் கேள்விகளையே கருவியாகக் கொண்டார்கள். கர்ட் க்ரோயன்கி, ராபர்ட் ஸ்பிட்சர், ஜேனட் வில்லியம்ஸ் என்ற மூவர் 2001-ல் வெளியிட்ட ‘பிஎச்க்யூ-9’ என்னும் வினாத்தாள் இன்று உலகெங்கும் புழங்குகிறது. கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் நாட்டமின்மை, சோகம், உறக்கக் கோளாறு, களைப்பு, பசியின் மாறுதல், தம்மைப் பற்றிய தாழ்வெண்ணம், கவனக் குறைவு, நடை பேச்சில் மந்தமோ பரபரப்போ, இறந்துவிடலாம் என்ற எண்ணம் ஆகிய ஒன்பதும் எத்தனை நாட்கள் வாட்டின என்று அது கேட்கும். ‘இல்லவே இல்லை’ என்பதற்குப் பூஜ்யம். ‘ஏறக்குறைய தினமும்’ என்பதற்கு மூன்று. கூட்டினால் அதிகபட்சம் 27 வரும். 10-ம் அதற்கு மேலும் வந்தால் வைத்தியரின் கவனம் வேண்டும் என்பது பொது வழக்கு. மனப்பதற்றத்தை அளக்க 2006-ல் வந்த ‘ஜிஏடி-7’ என்ற ஏழு கேள்விகள் வேறு உண்டு.

இந்த எண் நோயின் முழு உருவம் அன்று. துக்க வீட்டில் இருப்பவருக்கும் 15 வரலாம். தம் வேதனையை மறைத்தே பழகியவருக்கு 6 வரலாம். என்றாலும், ஒரே மனிதர் அதே கேள்விகளுக்கு வாரந்தோறும் தரும் பதில்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது, அந்த எண்களின் ஏற்ற இறக்கத்தில் அவர் நடந்துபோன பாதை ஓரளவுக்குத் தெரியத்தான் செய்கிறது.

டப்ளினில் பிறந்த ஒரு முயற்சி

அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில், டிரினிட்டி கல்லூரியின் ஆராய்ச்சியாளர்களது உழைப்பிலிருந்து கிளைத்து வளர்ந்தது சில்வர்கிளவுட் என்னும் ஸ்தாபனம். மனச்சோர்வுக்கும் மனப்பதற்றத்துக்கும் அறிதல்-நடத்தைச் சிகிச்சை என்று ஒரு முறை உண்டு. பிலடெல்பியாவைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960-களில் வகுத்த அம்முறை, ஒருவரது எண்ணம், உணர்ச்சி, செயல் ஆகியவை ஒன்றையொன்று எப்படிப் பின்னி இழுக்கின்றன என்பதை அவரே கவனித்து, சிக்கலை ஒவ்வோர் இழையாக விடுவிக்கக் கற்றுத்தருவது. அதைப் பாடங்களாகவும் பயிற்சிகளாகவும் நாட்குறிப்பாகவும் அமைத்து இணையத்தின் வழியே தருவதே இந்த ஸ்தாபனத்தின் வேலை. இங்கிலாந்தில் பேச்சுச் சிகிச்சையைப் பொதுமக்களுக்கு எளிதில் கிடைக்கச் செய்யும் பொருட்டு 2008-ல் அரசு சுகாதார சேவையான என்எச்எஸ் தொடங்கிய பெருந்திட்டத்திலும் இது இடம்பெற்றது.

இதில் ஒரு விசேஷம், நோயாளியைப் பாடங்களோடு தனியே விட்டுவிடுவதில்லை. ‘சப்போர்ட்டர்’ என்று அவர்கள் அழைக்கும் ஒருவர், உளவியல் கற்றுப் பயிற்சி பெற்றவர், குறித்த கால இடைவெளியில் ஒவ்வொருவரும் எதைப் படித்தார், எதை எழுதினார், மதிப்பெண் எப்படி மாறியது என்று பார்த்து, ஒரு கடிதம் போலச் செய்தி எழுதி அனுப்புவார். நேரில் உட்கார்ந்து ஒருவரோடு ஒரு மணி நேரம் பேசும் சிகிச்சையாளர், அதே நேரத்தில் இவ்விதமாகப் பலருக்குத் துணை நிற்க முடிகிறது. ஆனால் அவரிடமும் பொழுது கொஞ்சம். பொறுப்பில் இருப்பவர்களோ அநேகர். அவர்களுள் இந்த வாரம் யாருக்கு அதிகக் கவனம் தேவை என்பதை அவர் எப்படித் தெரிந்துகொள்வார்? இந்தக் கேள்வியோடுதான் சில்வர்கிளவுட் ஸ்தாபனத்தாரும் கேம்பிரிட்ஜிலுள்ள மைக்ரோசாப்ட் ஆராய்ச்சிக் கூடத்தாரும் சேர்ந்து உழைக்க முற்பட்டார்கள்.

புஷ்கின் காவியத்திலிருந்து வந்த கணக்கு

அவர்கள் கையாண்ட கணிதத்துக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. ரஷ்யக் கணித மேதை ஆந்திரேய் மார்க்கவ், 1913-ல், புஷ்கின் இயற்றிய ‘எவ்கேனி ஒனேகின்’ காவியத்தின் முதல் 20,000 எழுத்துக்களைப் பொறுமையாக எண்ணி, உயிரெழுத்தை அடுத்து உயிர் வருவது எத்தனை முறை, மெய் வருவது எத்தனை முறை என்று பட்டியலிட்டு, ஒரு நிகழ்ச்சி அடுத்த நிகழ்ச்சியின் வாய்ப்பை எப்படிக் கூட்டிக் குறைக்கிறது என்று காட்டினார். 1960-களில் லியோனார்ட் பாம் முதலிய அமெரிக்கக் கணித அறிஞர்கள் இதை மேலும் வளர்த்து, நம் கண்ணுக்குப் புலப்படாத ஒரு நிலை உள்ளே மாறிக்கொண்டிருக்க, அதன் வெளி அடையாளங்கள் மட்டும் நமக்குக் கிடைக்கும்போது, அந்த அடையாளங்களின் வரிசையைக் கொண்டு உள்நிலையை ஊகிக்கும் வழியைக் கண்டார்கள். அடுத்த வீட்டுக்காரரைப் பல நாள் நேரில் பாராவிட்டாலும், வாசல் தெளிக்கும் ஓசையும் குக்கர் விசிலும் மாலையில் எரியும் விளக்கும் கொண்டு அவர் ஊரில் இருக்கிறாரா, உடம்புக்கு முடியாமல் கிடக்கிறாரா என்று நாம் ஊகித்துவிடுகிறோமே, ஏறக்குறைய அப்படிப்பட்ட ஊகத்துக்குக் கணித வடிவம் கொடுத்ததே இந்த ‘மறைநிலை மார்க்கவ் மாதிரி’. பேச்சை எழுத்தாக்கும் கருவிகள் நெடுங்காலம் இதைக் கொண்டே இயங்கின.

மனநலச் செயலியில் வெளி அடையாளம் என்பது, ஒருவர் எந்த வாரத்தில் எந்தப் பகுதியைத் திறந்தார், எதைத் தொடாமலே விட்டார் என்பது. மறைந்திருக்கும் நிலை என்பது, சிகிச்சையில் அவருக்குள்ள ஈடுபாடு. நோயாளிகளை இன்ன வகையாகப் பிரி என்று முன்கூட்டி யாரும் இயந்திரத்துக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒத்த சுவடுகளைத் தானே ஒன்று சேர்த்துக் காட்டும்படி விட்டுவிட்டார்கள். இயந்திரக் கற்றலில் இது ஒரு தனி முறை.

ஐந்து வகையான பாதைகள்

2015 ஜனவரி முடிவிலிருந்து 2019 மார்ச் வரை இச்சிகிச்சையில் சேர்ந்திருந்த 54,604 பேரின் பதிவுகளை, பெயர் அடையாளங்களை நீக்கிவிட்டு, ஒவ்வொருவருக்கும் 14 வார காலத்துக்கு ஆராய்ந்தார்கள். முடிவுகள் 2020 ஜூலையில் ‘ஜாமா நெட்வொர்க் ஓப்பன்’ என்னும் மருத்துவ இதழில் வெளியாயின. அவ்வளவு நீண்ட காலத்தில் ஒருவர் செயலியில் செலவிட்ட நேரம் சராசரியாக 111 நிமிஷங்களே என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இரண்டு மணி நேரம்கூட இல்லை.

இயந்திரம் அவர்களை ஐந்து வகுப்புகளாகப் பிரித்துக் காட்டியது. தொடக்கம் முதலே குறைவாக ஈடுபட்டவர்கள் நூற்றுக்கு 36.5 பேர். முதலில் தயங்கிப் பின்னர் தாமதமாக உள்ளே வந்தவர்கள் 21.4. ஆரம்பத்தில் மிக ஊக்கமாக முயன்றுவிட்டுச் சீக்கிரமே விலகிவிட்டவர்கள் 25.5. ஊக்கமாகத் தொடங்கி மெல்ல மெல்லக் குறைந்தவர்கள் 6. கடைசிவரை அதிக ஈடுபாட்டுடன் நின்றவர்கள் 10.6.

இவர்களுள் யாருக்கு அதிக நலம் விளைந்திருக்கும் என்று கேட்டால், நம்மில் யாரும் தயங்காமல் கடைசிவரை நின்றவரையே சுட்டுவோம். பள்ளிக்கூடத்திலிருந்தே விடாமுயற்சியைப் போற்றிப் பழகிய நமக்கு வேறு விதமாக எண்ண வராது. ஆனால் மனச்சோர்வு மதிப்பெண்ணின் சராசரி வீழ்ச்சியைப் பார்த்தால், ஊக்கமாகத் தொடங்கிச் சீக்கிரம் விலகிய மூன்றாம் வகுப்பினருக்கே அது 6.65 என அதிகமாக இருந்தது. கடைசிவரை நின்றவர்களுக்கு 5.88, மெல்லக் குறைந்தவர்களுக்கு 5.39, தாமதமாக வந்தவர்களுக்கு 4.41. குறைவாக ஈடுபட்டவர்களோடு ஒப்பிட்டு விளைவின் வலிமையை வேறொரு புள்ளியியல் அளவால் அளந்தபோது, கடைசிவரை நின்றவர்களே முதலிடம் பெற்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவதே நேர்மை. ஆகவே, விலகுவதே நல்லது என்று யாரும் பொருள் கொள்ளலாகாது. விலகியவர் எல்லோரையும் தோற்றவர் கணக்கில் எழுதலாகாது என்பது மட்டும் இதனால் ஐயமற விளங்குகிறது. முதல் சில வாரங்களில் தமக்கு வேண்டியதைப் பெற்றுக்கொண்டு, மனம் தெளிந்து, தம் வாழ்க்கைக்குத் திரும்பிப் போனவர்கள் அவர்களுள் பலராக இருத்தல் கூடும்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. இந்த ஆராய்ச்சி ஒன்றோடொன்று சேர்ந்து காணப்படுவதைச் சொல்லுகிறதே தவிர, ஒன்றினால் மற்றொன்று விளைந்தது என்று நிரூபிக்கவில்லை. மனச்சோர்வு சிலருக்குக் காலத்தினாலேயே குறைவதுண்டு. நலம் பெற்றதனால் ஈடுபட்டாரா, ஈடுபட்டதனால் நலம் பெற்றாரா என்பதையும் எண்கள் பிரித்துச் சொல்லா.

என் மனத்தை அதிகமாகத் தொடுவது முதல் வகுப்பு. மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள், உதவி வேண்டும் என்று வந்து கதவைத் தட்டியவர்கள், உள்ளே வந்தும் அமர மாட்டாதவர்கள். எதிலும் நாட்டமின்மையே இந்நோயின் முதல் லட்சணமாக இருக்கையில், நாட்டத்தோடு பாடம் படி என்று அவரிடம் கேட்பதில் உள்ள முரண்பாட்டை நாம் உணர வேண்டும். ‘ஈடுபாடு குறைந்தவர்’ என்ற பெயர் அவருக்கு ஒரு குற்றப்பட்டமாகிவிடக் கூடாது. வகுப்புப் பிரிப்பதன் உத்தேசமே, முதல் இரண்டு மூன்று வாரங்களிலேயே இவரைக் கண்டுகொண்டு, நீண்ட பாடங்களை விலக்கிச் சிறிய ஒரு பயிற்சியைத் தருவதா, தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசுவதா, நேரில் சிகிச்சையாளரிடம் அனுப்புவதா என்று துணை நிற்பவர் யோசிக்க அவகாசம் தருவதுதான். அந்த உத்தேசத்தை மறந்து, இப்படிப்பட்டவர்களுக்குச் செலவிட்டுப் பயனில்லை என்று கைவிடுவதற்கு யாரேனும் இக்கணக்கை எடுத்தாள்வார்களானால், அது மருத்துவத்துக்கே துரோகம்.

எழுதியவரின் சொற்கள்

நோயாளியை ஆராய்ந்ததோடு நில்லாமல், அவருக்கு எழுதியவர்களையும் இந்த ஆராய்ச்சியாளர்கள் ஆராய்ந்தார்கள் என்பது எனக்கு மிகுந்த திருப்தி தந்த செய்தி. துணை நின்றவர்கள் அனுப்பிய 2,34,735 செய்திகளை எடுத்துக்கொண்டு, எவருடைய நோயாளிகள் அதிகம் தேறினார்கள், எவருடையவர்கள் அவ்வளவாகத் தேறவில்லை என்று முதலில் அவர்களைக் குழுவாக்கி, பிறகு அவர்கள் கையாண்ட சொற்களை இயந்திரத்தின் உதவியால் ஒப்பிட்டார்கள். 2020-ல் வெளியான அந்த முடிவில், நல்ல பலனோடு சேர்ந்து காணப்பட்டவை, பொதுப்படையாகப் பேசாமல் அந்த மனிதர் செய்த இன்ன காரியத்தைக் குறிப்பிட்டுச் சொல்லும் செய்திகள். குறை கூறாமல் ஊக்கம் தருபவை. பேசுவது, பகிர்ந்துகொள்வது, உதவி கேட்பது முதலிய மனித உறவுச் செயல்களை நாடுபவை.

‘உங்கள் முன்னேற்றம் நன்று, தொடருங்கள்’ என்று ஆயிரம் பேருக்கு அனுப்பத்தக்க ஒரு வாசகத்தையும், ‘செவ்வாய்க்கிழமை தங்கையிடம் போனில் பேசியதாக எழுதியிருந்தீர்கள், அதற்குப் பின் உறக்கம் எப்படி இருந்தது?’ என்று ஒருவருக்கே எழுதத்தக்க வாசகத்தையும் அடுத்தடுத்து வைத்துப் படித்துப் பாருங்கள். இரண்டாவதை எழுத, மற்றவர் எழுதியதை ஒருவர் உட்கார்ந்து வாசித்திருக்க வேண்டும். தாம் வாசிக்கப்பட்டோம் என்ற உணர்வே சோர்ந்த மனத்துக்கு ஒரு பற்றுக்கோடு. எந்த அம்சம் எவ்வளவு முக்கியம் என்பது நோயாளியின் நிலைக்கேற்ப மாறுகிறது என்றும் அந்த ஆராய்ச்சி கண்டது. ஆதலால் எல்லோருக்கும் பொருந்தும் ஒரு மாதிரிக் கடிதத்தை அதிலிருந்து வார்த்தெடுக்க முடியாது.

அந்தரங்கம் யார் வசம்?

இவ்வளவு நன்மையைச் சொன்ன பிறகு, அபாயத்தையும் அதே அழுத்தத்தோடு சொல்லியாக வேண்டும். மதிப்பெண்களும் நாட்குறிப்பும் திறந்த நேரமும் மூடிய நேரமும் சேர்ந்தால், தாய்க்கும் தெரியாத அந்தரங்கம் ஒன்று கணினியில் உருவாகிவிடுகிறது. பின்லாந்தில் வஸ்தாமோ என்ற உளச்சிகிச்சை நிலையத்தின் பதிவுகள் களவு போய், 2020 அக்டோபரில், சிகிச்சை பெற்றவர்களுக்கே கடிதம் அனுப்பி, பணம் தராவிட்டால் வைத்தியரிடம் நீ பேசியதை வெளியிடுவேன் என்று மிரட்டினான் ஒருவன். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். அந்த நிலையம் திவாலாயிற்று. இது திருட்டு. திருட்டே இல்லாமலும் ரகசியம் வெளியேறுவதுண்டு. இணைய வழி ஆலோசனை தரும் பெட்டர்ஹெல்ப் என்ற அமெரிக்க நிறுவனம், ரகசியம் காப்பதாக வாக்களித்துவிட்டு, பயன்படுத்துவோரின் தகவல்களை விளம்பரத்தின் பொருட்டு முகநூல் முதலிய நிறுவனங்களோடு பகிர்ந்தது என்று அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியதன் பேரில், 2023-ல் 78 லட்சம் டாலர் செலுத்த உடன்பட வேண்டியதாயிற்று.

நோயாளியைப் புரிந்துகொள்வதும் வாடிக்கையாளரைப் புரிந்துகொள்வதும் ஒரே கணிதத்தால் நடைபெறக் கூடியவை. யார் இன்று மனம் உடைந்திருக்கிறார் என்று அறிந்து ஆறுதல் அனுப்பவும் முடியும், விளம்பரம் அனுப்பவும் முடியும். வேறுபாடு கணக்கில் இல்லாமல் அதை வைத்திருப்பவரின் நோக்கத்தில் இருக்கிறபடியால், அதைச் சட்டம்தான் காவல் காக்க வேண்டும். இந்தியாவில் 2023-ல் நாடாளுமன்றம் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும், பதிவை அழிக்கும்படி கோரவும் குடிமக்களுக்கு உரிமை வகுத்திருக்கிறது. அப்படி ஒரு சட்டம் இருப்பதை நம்மில் பலர் அறியாமலே ‘சம்மதம்’ என்ற பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கிறோம்.

செயலியை நாடுவோர்க்குச் சில வார்த்தைகள்

மனநலச் செயலியை இறக்கிக்கொள்ளுமுன், அதற்குப் பின்னால் பயிற்சி பெற்ற மனிதர் எவரேனும் இருக்கிறாரா என்று பாருங்கள். உங்கள் பதிவுகளை யார் வைத்திருப்பார்கள், யாரோடு பகிர்வார்கள், அழிக்கக் கேட்டால் அழிப்பார்களா என்பதைத் தெளிவாகச் சொல்லாத செயலியில் நாட்குறிப்பு எழுதாதீர்கள். அது காட்டும் மதிப்பெண்ணை நோய் முடிவாகக் கொள்ளாதீர்கள். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் 10-க்குக் குறையாமல் நின்றால், அந்த எண்ணையே கையில் எடுத்துக்கொண்டு வைத்தியரைப் பாருங்கள். அங்கே பேச்சைத் தொடங்க அது உதவும். உட்கொண்டுவரும் மருந்தைச் செயலியின் பேச்சைக் கேட்டு நிறுத்திவிடலாகாது. ஆங்கிலம் பேசும் நாட்டாரின் பழக்கங்களிலிருந்து கற்ற இயந்திரம், கூட்டுக் குடும்பத்தில் ஒரே கைப்பேசியை நால்வர் பகிரும் வீட்டுச் சூழலை அப்படியே அறிந்திராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பாதியில் விட்டுவிட்டீர்களா? அதற்காக உங்களை நொந்துகொள்ள வேண்டாம். மனம் தேறியதால் விட்டிருந்தால் மகிழ்ச்சி. தேறாமலே விட்டிருந்தால், அந்த முறை உங்களுக்குப் பொருந்தவில்லை என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் இல்லை; வேறு முறைகள் உண்டு, மனிதர்கள் உண்டு. வீட்டில் யாரேனும் வழக்கமான பேச்சையும் பழக்கத்தையும் திடீரென நிறுத்திக்கொண்டால், காரணம் கேட்பதற்கு எந்த இயந்திரத்தின் அறிவிப்புக்கும் காத்திராதீர்கள்.

ஒன்பதாவது கேள்விக்கு, அதாவது இறந்துவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா என்ற கேள்விக்கு, ‘சில நாட்கள்’ என்று பதில் சொல்ல நேர்ந்தாலும் செயலியோடு நின்றுவிடாதீர்கள். அருகில் இருப்பவர் ஒருவரிடம் உடனே சொல்லுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபர் 10-ல் தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில், பகலானாலும் இரவானாலும், கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம்.